விவாகரத்துச் சொத்துப் பிரிவினை: விலை மாறினால் உடன்பாடும் மாறுமா?

விவாகரத்துக்கு முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, சொத்தைப் பிரித்து, கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நீதிமன்றமும் அதை ஏற்று உத்தரவு போட்டுவிட்டது. ஓராண்டு கழித்து ஒருவர் வைத்துக்கொண்ட பங்குகள் பாதாளத்துக்குப் போகின்றன. அல்லது ஒருவர் விட்டுக்கொடுத்த பங்குகள் பல மடங்காகின்றன. அன்றைக்குப் போட்ட கணக்கே தப்பாகிவிட்டதே, மறுபடி பிரிக்கச் சொல்லலாமா? சந்தை ஆட்டம் காணும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். 2008 நிதி நெருக்கடியில் எழுந்தது, கொரோனா ஊரடங்கிலும் எழுந்தது.

விலை மாறிவிட்டது என்பதற்காக மட்டும் முடிந்த பிரிவினையைத் திறக்க முடியாது என்பதுதான் சுருக்கமான பதில். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குள்தான் விஷயமே இருக்கிறது. இதை மிக விரிவாக அலசியவை இங்கிலாந்து நீதிமன்றங்கள் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் நிற்கப்போகிறோம். நியூயார்க் வழக்கு ஒன்றும், இந்திய நிலவரமும் அப்புறம் வரும்.

பாகப்பிரிவினையை நினைத்துப் பார்த்தால் அடிப்படை புரிந்துவிடும். அண்ணன் சாலையோரத் தரிசை எடுத்துக்கொண்டார், தம்பி கிணற்றடி நஞ்சையை எடுத்துக்கொண்டார். பத்து வருஷம் கழித்துப் பைபாஸ் வந்து தரிசு கோடிக்குப் போகிறது. தம்பிக்கு வயிறு எரியும், ஆனால் பத்திரத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி பங்கு கேட்க முடியாது. விவாகரத்துப் பிரிவினைக்கும் இதே இயல்பு உண்டு. ஒரு வித்தியாசம்: பிரிவினை நியாயமாக இருக்கிறதா என்று பார்க்கும் கடமை அங்கே நீதிமன்றத்துக்கும் இருக்கிறது. நியாயம் பார்த்துப் போட்ட உத்தரவு பின்னால் அநியாயமாகத் தெரியும்போது என்ன செய்வது என்ற குழப்பம் அதனால்தான் வருகிறது.

முதலில் மூன்று விஷயங்கள்

1. சம்மத உத்தரவு. இங்கிலாந்தில் இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது. 1973-ஆம் ஆண்டுத் திருமண வழக்குகள் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அதை ஏற்று உத்தரவாக்கவேண்டும். அப்படி வந்தது சம்மத உத்தரவு. அதன்பின் அந்தச் சொத்து விவகாரத்தின் உயிர் இருவரின் ஒப்பந்தத்தில் இல்லை, நீதிமன்ற உத்தரவில் இருக்கிறது.

2. ஒரேயடியாகத் தீர்ப்பதும் மாதாமாதம் கொடுப்பதும். வீட்டை எழுதிவைப்பது, மொத்தத் தொகை கொடுப்பது போன்றவை ஒருமுறை நடந்து முடிபவை. ஜீவனாம்சம் தொடர்ந்து ஓடுவது. இந்த இரண்டுக்கும் சட்டம் வைத்திருக்கும் விதிகள் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினை.

3. மதிப்பிட்ட நாள், உத்தரவு போட்ட நாள், பணம் கைமாறிய நாள். இவை ஒரே நாளாக இருப்பது அபூர்வம். இடைவெளி மாதக்கணக்கில் நீளும், சில சமயம் வருடக்கணக்கில். சண்டை பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் முளைக்கிறது.

விலை ஏறியபோது தோற்ற மனைவி

1994-இல் வந்த கார்னிக் வழக்கில், மனைவிக்கு மொத்தச் சொத்தில் ஏறக்குறைய 51 விழுக்காடு கிடைக்கும்படி உத்தரவு இருந்தது. கணவரிடம் அவருடைய நிறுவனத்தின் பங்குகள் இருந்தன. உத்தரவுக்குப் பின் அவற்றின் விலை மளமளவென்று ஏறியது. புதிய விலையில் கணக்குப் போட்டால் மனைவியின் பங்கு மொத்தத்தில் 20 விழுக்காடுதான். அவர் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தார்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி பிரெண்டா ஹேல். பின்னாளில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவரானவர். இந்த வகை வழக்குகளை அவர் மூன்றாகப் பிரித்தார். இன்றுவரை வழக்கறிஞர்கள் இந்த மூன்றில் எதற்குள் தங்கள் கட்சிக்காரரை நுழைக்கலாம் என்றுதான் பார்க்கிறார்கள்.

1. சொத்து விசாரணையின்போது கணக்கில் வந்தது, சரியாகவும் மதிப்பிடப்பட்டது, பிறகு சந்தையின் இயல்பான ஏற்ற இறக்கத்தால் விலை மாறியது. இதில் உத்தரவைத் தொடமுடியாது.

2. விசாரணையின்போதே தவறான மதிப்பு போடப்பட்டிருந்தது. சரியான மதிப்பு தெரிந்திருந்தால் வேறு உத்தரவு வந்திருக்கும். வழக்குக் கொண்டுவருபவர் அந்தத் தவறுக்குக் காரணமில்லை என்றால், திறக்க வாய்ப்பு உண்டு.

3. யாரும் எதிர்பார்க்காத, எதிர்பார்த்திருக்கவும் முடியாத ஒன்று உத்தரவுக்குப் பின் நடந்து, சொத்துச் சமநிலையையே புரட்டிப்போட்டது. இதிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த வகையில் வெல்பவை மிகச் சிலவே என்று அவரே சொன்னார்.

பங்கு விலை ஏறியது முதல் வகை. மனைவி தோற்றார். கதை அத்தோடு முடியவில்லை, பின்னால் திரும்ப வருவோம்.

விலை இறங்கியபோது தோற்ற கணவர்

கார்னிக் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கும்: விலை ஏறினால் கைகட்டி நிற்கும் நீதிமன்றம், கொடுக்கவேண்டியவர் அடியோடு கவிழ்ந்துபோனால்கூட அப்படியே நிற்குமா? 2009-இல் வந்த மையர்சன் வழக்கு அதற்குப் பதில் சொன்னது.

கணவர் லண்டனில் முதலீட்டு நிறுவனம் நடத்தியவர். 2008 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டபோது மொத்தச் சொத்து சுமார் 2.58 கோடி பவுண்டு. மனைவிக்கு 43 விழுக்காடு, அதாவது சுமார் 1.1 கோடி: 95 லட்சம் பணமாக, மீதிக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு வீடு. பணத்தில் 70 லட்சம் முதலில், மிச்ச 25 லட்சம் நான்கு ஆண்டுத் தவணைகளில். கணவர் 57 விழுக்காட்டை வைத்துக்கொண்டார். அதில் பெரும்பகுதி அவருடைய நிறுவனப் பங்குகள்.

உடன்பாட்டின்போது ஒரு பங்கின் விலை 2 பவுண்டு 99 பென்ஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது. மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது பங்கு விலை 27.5 பென்ஸ். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. உத்தரவின்படி எல்லாத் தவணையையும் கொடுத்தால் மனைவிக்கு மொத்தச் சொத்தில் 105 விழுக்காடு போகும், தனக்குக் கடன்தான் மிஞ்சும் என்பது கணவரின் வாதம். கணக்கு ஏறக்குறைய சரிதான், அதை யாரும் பெரிதாக மறுக்கவில்லை.

இருந்தும் அவர் தோற்றார். தீர்ப்பெழுதிய நீதிபதி தோர்ப் சொன்ன காரணங்களை இப்படிச் சொல்லலாம்:

1. தன் நிறுவனத்தைப் பற்றி வெளியே தெரிந்ததும் உள்ளே மட்டும் தெரிந்ததும் எல்லாம் அறிந்தவர் அவர். தெரிந்தே பங்குகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். லாபம் வந்திருந்தால் முழுவதும் அவருக்குத்தான்.

2. வியாபாரி ஒருவர் துணிந்து ஒரு பந்தயம் கட்டினார். அது தோற்றதும் நீதிமன்றம் ஏன் அவரைக் கைதூக்கிவிடவேண்டும்?

3. இன்று விழுந்த பங்கு நாளை எழலாம். விழுந்த நேரத்தில்தான் புது வாய்ப்புகளும் வரும்.

4. தவணைகளைக் கட்ட முடியாதவர்களுக்கு நாடாளுமன்றமே வேறு வழி வைத்திருக்கிறது. முழு உத்தரவையும் உடைக்கவேண்டிய தேவை இல்லை.

எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் விலை ஏற்ற இறக்கம் ஏற்ற இறக்கம்தான் என்பது தீர்ப்பின் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் இரக்கமில்லாத தீர்ப்பு. கார்னிக் வழக்கோடு சேர்த்துப் படித்தால் அப்படித் தோன்றாது. ஏறியபோது மனைவிக்கு இல்லை, இறங்கியபோது கணவருக்கும் இல்லை. பிரிவினையில் உண்மையில் பிரிக்கப்படுவது பணத்தோடு சேர்ந்து வரும் ஆபத்தும்தான்: ரொக்கம் வாங்குபவர் நிம்மதியை எடுத்துக்கொள்கிறார், பங்கு வாங்குபவர் ஏற்றத்துக்கான ஆசையையும் இறக்கத்துக்கான பயத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். பின்னால் திருத்தலாம் என்று வைத்தால், ஆசையை ஒருவர் வைத்துக்கொண்டு பயத்தை மட்டும் அடுத்தவர் தலையில் கட்டுவதாகிவிடும்.

கொரோனாவையும் சிலர் முயன்று பார்த்தார்கள். பள்ளிகளுக்கு உணவு வழங்கும் நிறுவனம் வைத்திருந்த ஒரு கணவர், பெருந்தொற்றில் பள்ளிகள் மூடித் தொழில் படுத்துவிட்டது என்று 2019 உத்தரவைத் திறக்கக் கேட்டார். 2021-இல் நீதிபதி மாஸ்டின் மறுத்துவிட்டார்.

அப்படியானால் எதுதான் கதவைத் திறக்கும்?

இதற்கான விதி 1987-இல் பிரபுக்கள் சபை தீர்த்த பார்டர் வழக்கிலிருந்து வருகிறது. அப்போது அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம். மனைவியும் குழந்தைகளும் குடியிருக்கவேண்டும் என்பதற்காகக் கணவர் வீட்டில் தனக்கிருந்த பங்கை மனைவிக்கு எழுதித்தரவேண்டும் என்று உத்தரவு. ஐந்து வாரத்தில் மனைவி குழந்தைகளைக் கொன்று தானும் இறந்துபோனார். வீடு யாருடைய தேவைக்காக மாற்றப்பட்டதோ அவர்களே இல்லை. உத்தரவு அப்படியே நின்றால் வீட்டின் பயன் அவருடைய தாய்க்குப் போகும். பிரபுக்கள் சபை உத்தரவை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக் கெடு தாண்டியபின் வருபவர்களுக்கு நான்கு நிபந்தனைகளையும் வைத்தது:

1. உத்தரவு நின்ற அடிப்படையையே தகர்க்கும் புதிய நிகழ்வு நடந்திருக்கவேண்டும். மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டால் வெற்றி நிச்சயம், அல்லது ஏறக்குறைய நிச்சயம் என்ற அளவுக்கு.

2. அது உத்தரவுக்குப் பின் குறுகிய காலத்தில் நடந்திருக்கவேண்டும். பெரும்பாலும் சில மாதங்கள். ஓராண்டே அதிகம்.

3. விண்ணப்பம் தாமதமின்றி வரவேண்டும்.

4. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து அந்தச் சொத்தை வாங்கிய மூன்றாம் நபருக்குப் பாதகம் வரக்கூடாது.

முதல் நிபந்தனையில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். விலை மாறாது என்பது எந்தப் பிரிவினைக்கும் அடிப்படையாக இருந்ததில்லையே. மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வென்றவர்களும் உண்டு. 2015-இல் வந்த கிரிட்செல் வழக்கில், மனைவிக்குப் போன வீட்டின்மீது கணவருக்கு ஒரு பங்கு பிற்காலத்தில் வரவேண்டும் என்று உத்தரவு இருந்தது. அவருடைய கடன் தீரவும் அவர் வீட்டுத் தேவை நிறைவேறவும் அந்தப் பணம் வேண்டும் என்பதுதான் காரணம். ஒரு மாதத்துக்குள் கணவரின் தந்தை இறந்து, பரம்பரைப் பணம் வந்துவிட்டது. தேவையே போய்விட்டதால் அந்தப் பங்கு நீக்கப்பட்டது. இங்கே எந்தச் சொத்தின் விலையும் மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாறியது உத்தரவுக்குக் காரணமாக இருந்த தேவை.

பொய் சொல்லியிருந்தால் கதை வேறு

விலை பின்னால் மாறுவது ஒன்று. அன்றைக்கே மறைத்தது வேறு. ஷார்லண்ட் வழக்கில், கணவர் தன் மென்பொருள் நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகும் திட்டம் எதுவும் இப்போதைக்கு இல்லை என்று சாட்சி சொன்னார். அதை நம்பிப் போட்ட மதிப்பில் மனைவி ஒத்துக்கொண்டார். கொஞ்ச நாளில், பங்கு வெளியீட்டுக்கான வேலை உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்தது வெளியே வந்தது. நிறுவனம் 100 கோடி டாலர் வரை பெறும் என்று பத்திரிகைகள் எழுதின.

2015 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மனைவி பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் வேறு யாருமில்லை, கார்னிக் வழக்கில் மனைவியைத் திருப்பியனுப்பிய அதே ஹேல். இரண்டு மனைவிகளின் புகாரும் மேலோட்டமாக ஒன்றுதான்: அவர் பங்கு நான் நினைத்ததைவிட அதிகம் பெறும். முதலாமவர் விஷயத்தில் விலை பிறகு ஏறியது. இரண்டாமவரிடம் அன்றைய உண்மையே மறைக்கப்பட்டது. வேண்டுமென்றே ஏமாற்றியது நிரூபணமானால் உத்தரவு உடையும். பொய் இல்லாவிட்டாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று காட்டும் பொறுப்பு பொய் சொன்னவர் தலையில்.

இருவருக்குமே தெரியாத பொய்: மேடாஃப் கணக்கு

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது நியூயார்க்கின் சிம்கின் வழக்கு. 2006-இல் தம்பதி உடன்பாடு செய்துகொண்டார்கள். கணவர் மனைவிக்கு 62.5 லட்சம் டாலர் கொடுத்தார். தான் வைத்துக்கொண்டவற்றில் நியூயார்க் முதலீட்டு மேலாளர் பெர்னார்ட் மேடாஃபிடம் இருந்த முதலீட்டுக் கணக்கும் ஒன்று. 2004 செப்டம்பர் கணக்குப்படி அதன் மதிப்பு சுமார் 54 லட்சம் டாலர். 2008 டிசம்பரில் மேடாஃபின் மோசடி வெளியானது. அறிக்கைகளில் இருந்த பங்குகள் வாங்கப்படவே இல்லை, எல்லாம் காகிதக் கணக்கு.

கணவரின் வாதம் நியாயமாகத்தான் கேட்கிறது: இல்லாத சொத்தை இருப்பதாக இருவரும் நம்பிப் பிரித்தோம், இருதரப்பும் செய்த தவறு இது, ஒப்பந்தத்தைத் திருத்தவேண்டும். கீழே இருந்த மேல்முறையீட்டு அமர்வில் நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள், பெரும்பான்மை வழக்கை நடத்த அனுமதித்தது. 2012-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2006-இல் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடிந்தது. மனைவிக்குக் கொடுத்ததில் ஒரு பகுதியை அதிலிருந்துதான் அவர் எடுத்தார், பிறகும் அதில் தொடர்ந்து முதலீடு செய்தார். ஆகவே கணக்கு இருந்தது, தவறானது அதன் மதிப்பு மட்டுமே என்றது நீதிமன்றம். எனக்கு இது கொஞ்சம் இழுத்துப்பிடித்த தர்க்கமாகவே படுகிறது. அன்றைக்கு எடுக்க முடிந்த பணம் இன்னொரு முதலீட்டாளரின் பணம்தானே. ஆனால் இதைத் திறந்துவிட்டால் மோசடியில் பணம் போன ஒவ்வொருவரும் முன்னாள் துணையின் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற அச்சம் தீர்ப்பில் தெரிகிறது.

தவணையும் ஜீவனாம்சமும்: பக்கத்துக் கதவு

முடிந்துபோன பிரிவினை மூடிய கதவு என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கொடுப்பனவு பாதி திறந்த கதவு. 1973 சட்டத்தின் 31-ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சத்தை ஏற்றவோ இறக்கவோ கேட்கலாம். தவணையில் கொடுக்கும் மொத்தத் தொகையையும் மாற்றக் கேட்கலாம். தோர்ப் கைகாட்டியது இந்த வழியைத்தான். கார்னிக் மனைவிக்கும் இதே வழி உதவியது: பங்கில் தோற்றவர், கணவரின் வசதி பெருகியதைக் காட்டி மாத ஜீவனாம்சத்தைக் கூட்டக் கேட்டு 1995-இல் வென்றார். ஜீவனாம்சமே வேண்டாம் என்று கணக்கை ஒரேயடியாக முடித்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கதவும் இல்லை.

இந்தியாவில்

இந்தியச் சட்டத்தில் திருமணச் சொத்தைப் பாதிப்பாதியாகப் பிரிக்கும் பொது விதியே கிடையாது. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருவரும் எழுதிக்கொள்ளும் சமரசம்தான் நடைமுறையில் பிரிவினை. இங்கே கவனிக்கவேண்டியவை:

1. முதல் மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே அந்த இடைவெளியில் மனை விலை ஏறினால் பேச்சு உடைய வழி உண்டு. சமரசத்தின் பயனை வாங்கிக்கொண்டபின் பின்வாங்குவதை மட்டும் நீதிமன்றங்கள் லேசில் ஏற்பதில்லை.

2. சம்மதத் தீர்ப்பாணைமீது மேல்முறையீடு கிடையாது, அதை எதிர்த்துத் தனி வழக்கும் போட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் இரண்டையும் தடுக்கிறது. சமரசமே சட்டப்படி செல்லாது என்றால் அதே நீதிமன்றத்திடம்தான் போகவேண்டும்.

3. மோசடியால் பெற்ற தீர்ப்பு செல்லாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன செங்கல்வராய நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அது நிலத்தகராறு, ஆனால் கொள்கை எல்லாத் தீர்ப்புக்கும் பொருந்தும்.

4. இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்கீழ் வழங்கப்பட்ட ஜீவனாம்சத்தைச் சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

ஜீவனாம்சம் நிர்ணயிப்பது பற்றிய ஒரு வழக்கில் 2024 டிசம்பரில் நீதிபதிகள் நாகரத்னா, பங்கஜ் மித்தல் அமர்வு கேட்ட கேள்வி இங்கேயும் பொருந்தும். முன்னாள் கணவரின் இன்றைய செல்வத்துக்குச் சமமாகக் கேட்பவர், அவர் பிரிந்தபின் ஓட்டாண்டியாகியிருந்தால் அதிலும் சமபங்கு கேட்பாரா என்று கேட்டது அந்த அமர்வு.

நம் ஊர்ச் சமரசங்களில் விலை மாற்றம் அதிகம் கடிப்பது நகையில்தான். '40 பவுன் நகையைத் திருப்பித் தரவேண்டும்' என்று எழுதினால், தங்கம் என்ன விலை விற்றாலும் தரவேண்டியது 320 கிராம். 'நகைக்கு ஈடாக இத்தனை லட்சம்' என்று எழுதினால், கைக்கு வரும்போது அந்தத் தொகைக்கு எத்தனை பவுன் கிடைக்கும் என்பது வாங்குபவரின் பாடு.

எழுதும்போதே செய்யக்கூடியது

பின்னால் திறப்பது கடினம் என்பதால் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் விலை மாற்றத்தை உடன்பாட்டுக்குள்ளேயே கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். நிலையான தொகைக்குப் பதில் விற்ற விலையில் இத்தனை விழுக்காடு என்று எழுதலாம். ஷார்லண்ட் உடன்பாட்டிலேயே மனைவிக்குப் பங்கு விற்பனைத் தொகையில் 30 விழுக்காடு என்றுதான் இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுவனத்தையோ வீட்டையோ கூடுதல் விலைக்கு விற்றால் வித்தியாசத்தில் பங்கு என்று ஒரு விதி சேர்க்கலாம். சொத்துப் பட்டியலையும் ஒவ்வொன்றையும் மதிப்பிட்ட தேதியையும் இணைத்து இருவரும் கையெழுத்துப் போடலாம். மறைத்ததைப் பின்னால் நிரூபிக்க அந்தத் தாள்தான் உதவும்.

இதில் எதுவும் இலவசமில்லை. விற்பனைப் பங்கு கேட்டால், எதிர்த்தரப்பு இன்று கொடுக்கும் ரொக்கத்தைக் குறைக்கும். அதோடு, அவர் எப்போது விற்கிறார், என்ன விலைக்கு விற்கிறார், யார் பெயரில் மாற்றுகிறார் என்று ஐந்தாறு ஆண்டு கண்காணித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும், அத்துவிட்ட உறவு அந்த ஒரு வரியால் தொடரும்.